நாலாம் கொக்கி

ஜூன் 9, திங்கள்

இது போன வருடத்து டைரி. நிரந்தர ஊழியர்களுக்குக் கம்பெனி வருடா வருடம் டைரி கொடுக்கிறது. ஒப்பந்தக்காரர்களுக்குக் கிடையாது. சூப்பர்வைசர் அல்போன்ஸ் தன்னுடைய பழையதைக் குப்பையில் போட இருந்தார். கேட்டேன், கொடுத்தார். கிழமைகளை அடித்துத் திருத்தி எழுதிக்கொள்கிறேன்.

நாலு வருடமாக இங்கே ஃபிட்டர் வேலை. வெள்ளைக்காரன் காலத்து ஓடுதளம், சுற்றிலும் சீமைக்கருவேலம், நடுவில் முப்பதடி உயர இரும்பு மேடை. மேடை உச்சியில் ஒரு பழைய விமானத்தின் மூக்கை வெட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குள் சீட். விமானம் விழப்போகிறது என்றால் விமானி தன் கால்களுக்கு நடுவில் இருக்கும் கைப்பிடியை இழுப்பார். அடியில் தோட்டா வெடித்து சீட்டோடு அவரை வெளியே எறியும், பாராசூட் விரியும். அந்தச் சீட்டைத்தான் இங்கே சோதிக்கிறோம்.

விமானிக்குப் பதிலாக ஒரு பொம்மை. மனித எடை, மனித மூட்டுகள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. சோதனை நாளில் சட்டை, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் மாட்டி, எலுமிச்சம்பழம் சுற்றி, நாலு பேர் தூக்கி மேலே ஏற்றுவோம். அவன் நெஞ்சுக்குள் ஒரு பெட்டி, அதில் அதிர்ச்சியை அளக்கும் கருவி. நெஞ்சைத் திறந்து மூடுவது என் வேலை. மற்ற நாட்களில் மாப்பிள்ளைக்கு ஏசி அறை. எங்களுக்குத் தகரக் கொட்டகை.

இன்றைக்கு அவனைத் தூக்கும்போது சேவுகன் அண்ணன் சொன்னார்: "வருசத்துல பத்து தடவ மாப்பிள்ளையாகுறான். ஒரு தடவயாவது பொண்ணக் காட்டுங்கடா அப்பு."

சேவுகன் அண்ணனும் ஒப்பந்தம்தான். பதினோரு வருடம். மேலே ஏறி சீட்டைத் தயார் செய்வது அவர் வேலை. தோட்டா பொருத்திய சீட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரே மனிதர். எஞ்சினியர் கேசவன் சார் நூற்றைம்பது மீட்டர் தள்ளி காங்கிரீட் அறைக்குள் இருப்பார்.

ஜூன் 12, வியாழன்

இன்று சோதனை நன்றாக முடிந்தது. பின் ஒன்று தொலைந்தது.

சீட் தானாக வெடிக்காமல் இருக்க ஆறு பின்கள் செருகியிருக்கும். ஒவ்வொன்றிலும் நம்பர், சிவப்பு நாடா. சோதனைக்கு முன் சேவுகன் அண்ணன் ஒவ்வொன்றாக உருவித் தருவார். மேடைக்குக் கீழே மஞ்சள் பலகையில் ஆறு கொக்கிகள் உண்டு. நான் மாட்டுவேன். அறையிலிருந்து பைனாகுலரில் பார்ப்பார்கள். ஆறும் தொங்கினால் சீட் தயார். அங்கிருந்தே கைப்பிடியில் கட்டிய கயிற்றை இழுப்பார்கள்.

சோதனை ரத்தானால் எல்லாம் தலைகீழ். முதலில் நாலாம் பின்தான் போக வேண்டும். அது தோட்டாவை அடிக்கும் சுத்தியலுக்கு நேர் எதிரே நிற்கும். அது உள்ளே போனால் கைப்பிடியை யார் இழுத்தாலும் வெடிக்காது. நாலாம் கொக்கி காலியானால் சீட் தூங்கிவிட்டது என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் அறையில் இருப்பவர்கள் கயிற்றைச் சுருட்டலாம்.

தொலைந்தது அந்த நாலாம் பின். பலகையை டிராக்டரில் ஏற்றி வரும்போது எங்கோ விழுந்திருக்கிறது. பதினோரு பேர் வரிசையாக மண்டியிட்டு மணலைத் தடவினோம். மதியம் ஒன்றரையிலிருந்து ஐந்து வரை. கேசவன் சார் ஜீப்புக்குள் இருந்தார். கிடைக்கவில்லை.

பின் தொலைந்தால் மேலிடத்துக்கு எழுத வேண்டும். புதியது வரும்வரை சோதனை நிற்கும். மூன்று மாதம் ஆகலாம்.

கேசவன் சார் அல்போன்ஸிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது: "இது எனக்குத் தெரியவே வேண்டாம் அல்போன்ஸ். திங்கட்கிழமை போர்டுல ஆறு பின் இருக்கணும்."

ஜூன் 13, வெள்ளி

அல்போன்ஸ் என்னைக் கூப்பிட்டார். "டேய் தவசி, நீ கடைசல்ல பெரிய ஆளாமே. ஒரு பின் அடிச்சுக் குடுறா."

"வரைபடம் வேணும் அண்ணே."

"அஞ்சாம் நம்பர் பின் இருக்குல்ல. அளவு ஒண்ணுதான். பாத்து அடி."

கொட்டகைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட வாங்கிய கம்பியில் மிச்சம் இருந்தது. லேத்தில் மாட்டிக் கடைந்தேன். கேஸ் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். தேய்த்து, வளையம் மாட்டி, 4 என்று குத்தினேன். ஐந்தையும் இதையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஐ.டி.ஐ.யில் கடைசலில் நான்தான் முதல் மார்க்.

நாடா இல்லை. சேவுகன் அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

ஜூன் 16, திங்கள்

பலகையில் ஆறு பின். சோதனை நடந்தது.

பஞ்சவர்ணம் மதினி, அதாவது அண்ணன் சம்சாரம், சிவப்பு ரவிக்கைத் துணியில் நாடா தைத்துக் கொடுத்திருக்கிறார். ஓரம் மட்டும் பச்சை நூல்.

"வீட்டுல செகப்பு நூல் இல்லையாம். தூரத்துல குந்திப் பாக்குற அய்யாமாருக்குப் பச்சையாவது நீலமாவது" என்றார் அண்ணன்.

ஜூன் 24, செவ்வாய்

தொலைந்த பின் கிடைத்தது. டிராக்டர் டிரெய்லரின் பலகை இடுக்கில் நாடாவோடு மாட்டிக்கொண்டிருந்தது. நான்தான் எடுத்தேன்.

அல்போன்ஸிடம் கொண்டுபோனேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கதவைச் சாத்தினார்.

"இதை உன் பையிலயே வை. ஆய்வுக்கு ஆளுங்க வர்றப்ப இதைத் தொங்கவிடு. மத்த நாளைக்கு நீ அடிச்சது போதும். இது இன்னொரு தடவ தொலைஞ்சா யாரு பதில் சொல்றது?"

ஆக, நிஜப் பின் பார்க்க வருபவர்களுக்கு. தாழ்ப்பாள் கம்பி எங்களுக்கு. இந்த நாட்டில் எது வேறு மாதிரி இருக்கிறது? கலெக்டர் வரும் நாளில்தான் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மெத்தை வரும்.

இதையே அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "எனக்கு ஒன் பின்னே போதும் அப்பு. கம்பெனி பின்னு உள்ள போக அடம் புடிக்கும். ஒன்னுது வழுக்கிக்கிட்டுப் போகுது."

இன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஜூலை 3, வியாழன்

ஆய்வுக்குழு வந்தது. நிஜப் பின் தொங்கியது. முந்திரி பக்கோடா மிச்சம் எங்களுக்கும் வந்தது.

ஜூலை 21, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. காற்று தகரத்தைப் பிய்க்கிறது. இரண்டு சோதனை ரத்து.

நிரந்தரம் செய்ய ஒருவர் பெயரைக் கேட்டிருக்கிறார்களாம். என் பெயரா, சேவுகன் அண்ணன் பெயரா என்று பேச்சு. பதினோரு வருடத்துக்கும் நாலு வருடத்துக்கும் நடுவே இதில் என்ன யோசனை என்று கேட்டேன். "நீ படிச்சவன்டா" என்றார் அல்போன்ஸ்.

அண்ணனுக்குத் தெரியும். "ஒனக்குக் கெடைச்சா எனக்கு ஒரு டைரி வாங்கிக் குடு" என்றார்.

ஜூலை 23, புதன்

காற்று. பதினொன்றே காலுக்குச் சோதனை ரத்து. பின்களைத் திரும்பச் செருகும்போது சீட் வெடித்தது. சேவுகன் அண்ணன் மேடையிலிருந்து தூக்கி எறியப்பட்டார். நான் ஓடினேன். இறந்துவிட்டார்.

ஜூலை 24, வியாழன்

மேல்சட்டையை ஊறவைத்தேன். அரிசி வாங்கினேன். சைக்கிளுக்குக் காற்றடித்தேன்.

ஜூலை 25, வெள்ளி

அடக்கம் முடிந்தது. கம்பெனி சார்பில் அல்போன்ஸ் மாலை கொண்டுவந்தார்.

மதினி அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "வலியில்லாமப் போனாகளா தம்பி?"

"அந்த இடத்துலயே முடிஞ்சிருச்சு மதினி."

திரும்பி வந்ததும் மாப்பிள்ளையைத் துடைக்கச் சொன்னார்கள். அன்றைக்கு சீட்டோடு மேலே போனவன் பாராசூட் விரிந்து அழகாக இறங்கியிருக்கிறான். ஒரு கீறல் இல்லை. முழங்கையில் மட்டும் ரத்தம், அவனுடையது இல்லை. நெஞ்சிலிருந்து கருவியை அன்றே எடுத்துக் கொடுத்துவிட்டேன். பெட்டியை மறுபடி திறக்க வேண்டிய தேவை இல்லை. திறக்கவில்லை.

கேசவன் சார் கணினியில் அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடுகள் எல்லாம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தன. இதுவரை நடந்ததிலேயே சிறந்த பதிவாம். தேதியைப் போட்டு அதையும் சோதனைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். பதினேழாவது சோதனை, வெற்றி.

ஜூலை 28, திங்கள்

விசாரணை. தலைமையிடத்திலிருந்து மூன்று பேர். மேஜையில் பிளாஸ்டிக் பையில் ஆறு பின்கள்.

விபத்து நடந்தபோது நாலாம் பின் எங்கே இருந்தது என்று கேட்டார்கள்.

"கொக்கியில."

சேவுகன் அதை எடுத்துத் தரக் கேட்டாரா?

"கேக்கல."

அல்போன்ஸிடமும் கேட்டார்கள். தான் பார்த்தபோது ஆறு கொக்கியிலும் பின் இருந்தது என்றார். கயிற்றை யாரும் தொடவில்லை, காற்று இழுத்திருக்கும் என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். வெளியே வந்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நாலு வருடத்தில் முதல் டீ.

ஜூலை 30, புதன்

என் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் அடித்துக் கொண்டுவந்தார்கள். கேசவன் சார் தமிழில் சொன்னார்: "சேவுகன் ஃபோர்த் பின் போட மறந்துட்டார். ஹியூமன் எர்ரர். அவ்வளவுதான்பா." கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

வாசல் காவலாளி சொல்கிறான், சேவுகன் முதல் நாள் குடித்திருப்பாராம். சோதனை வாரத்தில் அவர் வெற்றிலைகூடப் போடமாட்டார். ஓங்கி அறையலாம் என்று கை வந்தது. அறைய எனக்கு என்ன யோக்கியதை?

ஆகஸ்ட் 4, திங்கள்

நிரந்தர ஆணை வந்தது. என் பெயரைத் தப்பில்லாமல் அடித்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளையின் கழுத்தைச் சரிபார்க்கத் தலைமையிடத்துக்கு அனுப்புகிறார்கள். வெள்ளிக்கிழமை லாரி. பெட்டியில் வைத்து ஆணி அடித்தாகிவிட்டது. அவன் கழுத்துக்கு நாற்பது பக்க அறிக்கை. அண்ணனுக்கு ஒன்றரைப் பக்கம்.

வெள்ளிக்கிழமை போய்விட்டால் போய்விட்டது. அங்கே நெஞ்சைத் திறப்பவர்களுக்கு அது ஏதோ இரும்புத் துண்டு. குப்பையில் போடுவார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

பஞ்சவர்ணம் மதினி அலுவலகத்துக்கு வந்தார். தவறு இறந்தவருடையது என்பதால் நஷ்டஈடு கிடையாது, இரக்கப்பட்டுப் பெருக்கும் வேலை தருகிறார்களாம். சம்மதக் கையெழுத்துக்காக உட்கார வைத்திருந்தார்கள். விசாரணைப் பை இன்னும் அந்த மேஜையில்தான் இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தார். கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டார்.

நான் சைக்கிள் ஸ்டாண்டில் இருந்தேன். நேராக என்னிடம் வந்தார்.

"நான் தைச்ச நாடா எங்க தம்பி?"

"எந்த நாடா?"

"பச்சை நூல் போட்டது. நாலாம் நம்பருக்கு. அந்தப் பையில ஆறு நாடா கெடக்கு. ஆறும் கம்பெனி நாடா. என்னுது அதுல இல்ல."

நான் குனிந்து சைக்கிள் பூட்டைத் திறந்தேன்.

"அவுக மறந்துட்டாகன்னா, நான் தைச்சது கொக்கியிலல்ல தொங்கியிருக்கணும்? இங்கதான கெடக்கணும்?" குரலை உயர்த்தவே இல்லை. "ராத்திரி சோறு திங்கும்போதுகூடச் சொல்லுவாக. தவசி அடிச்ச பின்னு, அதத்தான் மொதல்ல போடுவேன், போட்டுட்டா தைரியம்னு."

"மதினி, வீட்டுக்குப் போங்க. நான் வர்றேன்."

"எப்ப?"

"வர்றேன்."

"கையெழுத்துப் போடட்டுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு."

"போடாதீங்க" என்றேன். அதுதான் இரண்டு வாரத்தில் நான் சொன்ன முதல் உண்மை.

ஆகஸ்ட் 7, வியாழன்

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது பெட்டியின் ஆணிகளைப் பிடுங்கினேன். மாப்பிள்ளை என்னையே பார்த்தபடி படுத்திருந்தான். நெஞ்சைத் திறந்தேன். இருந்தது.

ஆணிகளைத் திரும்ப அடிக்கும்போது அல்போன்ஸ் வாசலில் நின்றார்.

"என்ன பண்ற?"

"ஆணி லூசு."

என் கால்சட்டைப் பையைப் பார்த்தார். நாடாவின் நுனி வெளியே தெரிந்திருக்க வேண்டும்.

"யாரு அடிக்கச் சொன்னாங்கன்னு கேப்பாங்க. நான் சொல்லலைன்னுதான் சொல்லுவேன். சார் தனக்குத் தெரியாதும்பார். நிஜமாவே அப்படித்தான் எழுதி வச்சிருக்கார். உள்ள போறது நீ ஒருத்தன்தான்டா. வீட்டுல ரெண்டு தங்கச்சி இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறம்?"

கடைசி ஆணியையும் அடித்துவிட்டு வந்தேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. மேலே இருப்பவன் வாயால் சொல்வான், கீழே இருப்பவன் கையால் செய்வான். கைரேகை கீழே இருப்பவனுடையது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகம் பத்தரைக்குத்தான் திறக்குமாம். எதிரே டீக்கடை பெஞ்சில் இருக்கிறேன். மதினி பக்கத்தில். பின் அவர் மடியில். காலையில் கொடுத்தபோது வளைந்திருப்பதைப் பார்க்கவில்லை. நாடாவைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சை நூலைக் கட்டைவிரலால் தடவினார்.

பின்னோடு இந்த டைரியையும் கொடுக்கப்போகிறேன். அதற்கு முன் ஜூலை 23-ஐ ஒழுங்காக எழுத வேண்டும். அன்றைக்கு எழுதியது போதாது.

பதினொன்றே காலுக்குச் சோதனை ரத்தானது. நான் நாலாம் கொக்கியிலிருந்து பின்னை எடுத்து ஏணியில் பாதி ஏறி சேவுகன் அண்ணன் கையில் கொடுத்தேன். பச்சை நூல் போட்ட நாடா. அவர் செருகினார். "நாலு போச்சு" என்றார். நானும் "நாலு போச்சு" என்று கத்திக் கையைத் தூக்கினேன். அறைக்குள் அதைப் பார்த்துவிட்டுக் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். அண்ணன் அடுத்த பின்னைக் கைப்பிடியில் செருக மாப்பிள்ளையின் மடிமேல் குனிந்திருந்தார். கயிறு கைப்பிடியை இழுத்தது. சுத்தியல் என் பின்மேல் அடித்தது. கம்பெனியின் பின்னாக இருந்தால் நின்றிருக்கும். என்னுடையது வளைந்து வழிவிட்டது.

தாழ்ப்பாள் கம்பியைக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கெட்டிப்படாது. ஐ.டி.ஐ. முதல் வருடப் பாடம். அடிக்கும்போதே எனக்குத் தெரியும். பார்க்க ஒரே மாதிரி இருந்தது, அது போதும் என்று நினைத்தேன்.

சத்தம் அடங்கியதும் நான் ஓடினேன் என்று எழுதியிருக்கிறேன். எங்கே ஓடினேன் என்று எழுதவில்லை. அண்ணன் மேடைக்கு இருபதடியில் விழுந்து கிடந்தார். நான் அவரைத் தாண்டி, இருநூறு மீட்டர் தள்ளி விழுந்த சீட்டிடம் ஓடினேன். பின்னை உருவினேன். பக்கத்தில் பாராசூட்டோடு கிடந்த மாப்பிள்ளையின் நெஞ்சைத் திறந்து, கருவியை எடுக்கிற சாக்கில் உள்ளே போட்டேன். திரும்பி வந்து, என் பையிலிருந்த நிஜப் பின்னை நாலாம் கொக்கியில் மாட்டினேன். அதற்குப் பிறகுதான் அண்ணனிடம் போனேன்.

தாண்டி ஓடும்போது அவருக்கு உயிர் இருந்தது. "தம்பி" என்று கூப்பிட்டார். இரண்டு தடவை. திரும்பி வந்தபோது கூப்பிடவில்லை.

அவர் மறக்கவில்லை. பின் செருகப்பட்டிருந்தது. அவர் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார்.

மணி பத்து இருபது. எதிரே பியூன் ஷட்டரைத் தூக்குகிறான்.

"எல்லாத்தையும் எழுதிட்டியா?" என்று மதினி கேட்டார்.

"எழுதிட்டேன்."

"உள்ள குடுக்குறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவ படிச்சுக்கிறேன்."

கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர்.